தடைக்காலத்துக்கு என்ன படிக்கலாம்?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுப் பழுது, பெயின்ட் என்று வேலை இருந்தாலும் விசைப்படகு அண்ணன்மாருக்கு மாலை நேரம் கையில் கிடைக்கும். தடித்த புத்தகம் எடுக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. என் விருப்பம் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவல். பேச்சுவழக்கு நிறைய வரும். ஆரம்பத்தில் மெதுவாகப் படியுங்கள், அப்புறம் அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும். அவருடைய ‘கொற்கை’ 2013-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது, ஆனால் அது ரொம்பப் பெரியது. அடுத்த வருஷம் பார்ப்போம்.

நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும், கருவாடு காயப்போடும் அக்காமாருக்கும் உடம்பு அலுத்துப் போயிருக்கும். உங்களுக்கு வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ சரியாக இருக்கும். சின்ன நாவல்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் தள்ளிவைத்துப் பத்துப் பக்கம் படித்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். வல்லம் என்கிற நாட்டுப்படகுக்கும் லாஞ்சு என்கிற விசைப்படகுக்கும் நடக்கிற சண்டை அதில் வருகிறது. நம் கரையில் இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லையே! அந்த நாவலில் வருகிற பிலோமிக்கும் ரஞ்சிக்கும் உள்ள சிநேகத்தைப் பற்றி அக்காமார் என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் விலகி நிற்க வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் படிப்புதான்.

இரண்டில் எது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள். புத்தகம் வைத்திருப்பவர்கள் அதையும் சொன்னால், கைமாற்றிப் படிக்க ஏற்பாடு செய்துவிடலாம்.