உள்ளட்டையில் முத்திரை குத்தும் முன்: நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தை நூல்களைத் தெரிவு செய்யும் குழுவினருக்கும், அவற்றுக்கு எண் எழுதி அடுக்கில் வைக்கும் நூலகர்களுக்கும் வணக்கம்.

சொற்களில்லாப் படப்புத்தகம் ஒன்று வந்ததும், அட்டையைத் திறந்து வெறுமையாகத் தெரியும் இடத்தில் முத்திரை குத்துகிறீர்கள். எதிரே, திருப்பித் தரவேண்டிய நாளைக் குறிக்கும் தாளை ஒட்டுகிறீர்கள். அந்த இடம் வெறுமை இல்லை. இந்தப் புத்தகங்கள் பலவற்றில் கதை முன் உள்ளட்டையிலேயே தொடங்கிவிடும். எடுத்துக்காட்டாக, அங்கே ஒரு தெரு, மாடி ஜன்னலில் விளக்கு, வாசல்படியில் ஒரு நாய். பின் உள்ளட்டையில் அதே தெரு, அதே விளக்கு, நாயை மட்டும் காணோம். நாய் எங்கே போனது என்பதுதான் கதையே. அந்த நாயின்மேல் தாள் ஒட்டியிருந்தால், குழந்தைக்குக் கதை முடிந்ததே தெரியாது.

இப்படிப்பட்ட நூல்களை வரைவதும் தொகுப்பதும் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்ப்பதும் எங்கள் வேலை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இவற்றில் படம்தான் எழுத்து என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிவையும் எடுங்கள். முத்திரையைப் பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தில் குத்தலாம். பார்கோடு பின்னட்டையின் மூலைக்குப் போகட்டும், அங்கும் படம் ஓடாத மூலையாகப் பார்த்து.

அடுத்தது பைண்டிங். இதில்தான் சேதம் அதிகம். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், அதாவது 16 பக்கப் பாரம் (சேர்த்து மடித்த தாள்கட்டு) இரண்டு. தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்குக் கிடைப்பது 14 இரட்டைப் பக்கம் போல. ஓவியம் நடுமடிப்பைத் தாண்டி இரு பக்கமும் ஓடும். புத்தகம் தளர்ந்ததும் பாரங்களைப் பிரித்து ஓரமாகத் துளையிட்டுத் தைத்தால், பக்கத்துக்கு 8 முதல் 10 மி.மீ. தையலுக்குள் போய்விடும். எழுத்துள்ள நூலில் அது வெறும் ஓரம். இங்கே படத்தின் நடுவிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. காணாமல் போகிறது. முகமும் கையும் மடிப்பில் விழாமல் ஓவியர் தள்ளி வரைந்திருப்பார், ஆனால் இவ்வளவு இழப்புக்கு அவர் இடம் விட்டிருக்க மாட்டார். ஓவியர் சூசி லீயின் 2008 நூலான 'வேவ்' (அலை) நடுமடிப்பையே கரைக்கும் கடலுக்கும் எல்லையாக வைத்திருக்கிறது: சிறுமி இடப்பக்கம், அலை வலப்பக்கம். அந்த நூலை ஓரத்தில் தைப்பது கதையைத் தைப்பது.

எனவே பாரங்கள் கழன்றால் மடிப்பின் வழியாகவே தைக்கச் சொல்லுங்கள். அட்டை மட்டும் ஆடினால் தையலே வேண்டாம். மெல்லிய பின்னல் ஊசியில் வெள்ளைப் பசையைத் தடவி, முதுகுக்கும் உள்ளட்டைக்கும் இடையில் தெரியும் இடைவெளியில் விட்டு உருட்டி எடுங்கள். நூலை மூடி, இணைப்பு ஓரத்தை விரலால் அழுத்தி, உள்ளே மெழுகுத்தாள் வைத்து, ஓர் இரவு கனத்துக்கு அடியில் விடுங்கள். மெழுகுத்தாளை மறந்தால் உள்ளட்டை முதல் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போதே நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். தட்டையாகப் படியாமல், கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும் நூல் ஓரிரு ஆண்டில் உங்கள் பைண்டரிடம்தான் போகும்.

கணினியில் ஏற்றுவோருக்கும் ஒரு சொல். இரட்டைப் பக்கத்தை ஒரே திரையாக ஏற்றுங்கள். அட்டையைத் தனிப்பக்கமாகக் குறிக்காவிட்டால் 2, 3 ஆகிய பக்கங்கள் சேர வேண்டிய இடத்தில் 1-உம் 2-உம் சேரும். அங்கிருந்து நூல் முழுக்க ஒவ்வொரு படமும் பாதியாகப் பிரிந்து கிடக்கும்.

அட்டவணையில் மொழி என்ற கட்டத்தில் பதிப்பாளர் நாட்டின் மொழியை எழுதிவிடுகிறார்கள். நூலக அட்டவணை விதிகளில் 'மொழி உள்ளடக்கம் இல்லை' என்பதற்கே இசட்-எக்ஸ்-எக்ஸ் (zxx) என்ற குறியீடு உண்டு. அதை இடுங்கள். இல்லையென்றால் வேறு மொழி பேசும் வீட்டார் தேடும்போது நூல் வராது, அவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும். இளையோர் நூல்களுக்கான பன்னாட்டு வாரியம் 2012-இல் இத்தாலியின் லம்பேடூசா தீவின் குழந்தைகளுக்கும் அங்கே கரையேறிய அகதிக் குழந்தைகளுக்கும் நூல் சேர்க்கப் புறப்பட்டபோது சொற்களில்லா நூல்களைத் தேர்ந்தது இதனால்தான். இவற்றை மழலையர் அடுக்கில் மட்டும் வைப்பதும் தவறு. புலம்பெயர்வைப் பற்றிய ஷான் டானின் 'தி அரைவல்' 128 பக்கம்; மூன்று வயதுக் குழந்தைக்கு வரைந்ததல்ல.

தெரிவுக் கூட்டத்தில் இந்த நூல்களை நின்றபடி ஒரு நிமிடத்தில் புரட்டி, "இதில் ஒன்றுமில்லையே" என்று ஒதுக்குவது வழக்கம். பின்னட்டைக் கதைச்சுருக்கத்தைத் தாளால் மறையுங்கள். இருவர் தனித்தனியே பார்த்து, ஆளுக்கு ஐந்து வரி எழுதட்டும். யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டியிருந்தது, கடைசியில் என்ன மாறியது என்பதில் இருவரும் ஒத்துப்போக வேண்டும். ஏன், என்ன உணர்ந்தார் என்பதில் வேறுபடலாம். முதல் மூன்றிலேயே ஒத்துப்போகாவிட்டால் வரைந்ததில் குறை. முதுகு திரும்பி நிற்கும்போது நாயகி யாரென்று அடையாளம் தெரிகிறதா, இரவு கழிந்தது புரிகிறதா என்று அங்கே தேடுங்கள். எல்லாமே வரிக்கு வரி ஒத்துப்போனாலும் எங்களுக்கு ஐயம்தான். அந்த நூலில் குழந்தைக்குச் சொல்ல மிச்சமில்லை.

வாசிப்பு நேரத்துக்கு ஒரு நூலுக்கு ஐந்தாறு குழந்தைகள் போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசைக்கு ஓரத்தில் இருக்கும் சின்ன எலி தெரியாது. முதல் சுற்றில் யாரும் பேச வேண்டாம், பக்கத்தைக் குழந்தைகள் சொல்லும்போது புரட்டுங்கள். பத்து நிமிடமாவது ஆகும். நாம் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாம் சுற்றில்: "இது என்ன? இது என்ன நிறம்?" என்று கேட்டதும் கதை பரீட்சையாகிவிடுகிறது. "இங்கே என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பதில் வந்ததும், "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" இந்த இரண்டாம் கேள்விக்குத்தான் குழந்தை படத்துக்குத் திரும்பி விரல் வைத்துக் காட்டும். முந்தைய பக்கத்துக்குப் போகக் கேட்டால் போகவிடுங்கள். காது கேளாக் குழந்தைகளோடு என்றால், படத்தைப் பார்த்து முடித்து அவர்கள் நிமிரும்வரை சைகையைத் தொடங்காதீர்கள். கண் ஒரே நேரத்தில் இரண்டிடம் பார்க்க முடியாது.

நல்லெண்ணத்தோடு சிலர் ஒவ்வொரு பக்கத்திலும் வாக்கியம் எழுதிய தாள்துண்டை ஒட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது வந்ததும் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வாசிக்கும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஏற்கெனவே ஒட்டியிருந்தால், முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அரை நிமிடம் பசையை இளக விடுங்கள். பிறகு ஒரு மூலையைத் தூக்கி, மேல்நோக்கி இழுக்காமல், தாளோடு படிந்தாற்போல் மெதுவாகப் பின்னோக்கி உரியுங்கள். நார் எழும்பினால் உடனே நிறுத்திவிட்டு எதிர் மூலையிலிருந்து தொடங்குங்கள். உள்ளட்டையிலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
சொற்களில்லா நூல்களை வரைவோர், தொகுப்போர், குழந்தைகளோடு வாசிப்போர்