நான் கொடுத்த லீவுக்கு அட்டெண்டர் சம்பளத்தில் பிடித்தம்: புகார்

பெறுநர்:
மேலாளர், வீட்டுப் பராமரிப்புச் சேவை, சென்னை.

பொருள்: 24 மணி நேர டியூட்டி அட்டெண்டருக்கு ஓய்வு மறுப்பு, சம்பளப் பிடித்தம் பற்றி.

ஐயா,

பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவை, உங்கள் நிறுவனம் அனுப்பிய அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. புகார் உங்கள் மேல்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அவரை நானே ஊருக்கு அனுப்பினேன். அன்று அம்மாவை நானும் என் மனைவியும் கவனித்துக்கொண்டோம். மாதக் கட்டணத்தையும் முழுதாகக் கட்டிவிட்டேன். நீங்களோ அவர் சம்பளத்தில் ஒரு நாள் கூலியைப் பிடித்துவிட்டீர்கள். கேட்டால், "அக்ரிமெண்ட்ல வீக்லி ஆஃப் கிடையாது சார்" என்கிறார் உங்கள் கோ-ஆர்டினேட்டர். லீவு கொடுத்ததும் நான், பணம் கட்டியதும் நான். பிடித்த பணம் யார் கணக்கில் போனது?

"நைட்ல தூங்கலாமே" என்றும் சொன்னார். எங்கே தூங்குவது? படுக்கைப் புண் வராமலிருக்க அம்மாவை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். நடுவில் டயாப்பர் மாற்றும் வேலை வேறு. ஒரு நாள் காலை மூக்கு ட்யூபில் கஞ்சி ஊற்றும்போது, சிரிஞ்சைப் பிடித்தபடி நின்றவாக்கிலேயே அக்கா கண் அயர்ந்துவிட்டார். கஞ்சி தலையணையில் வழிந்ததோடு போயிற்று. கட்டிலின் தலைப்பக்கம் தாழ்ந்திருந்து, கஞ்சி எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கியிருந்தால்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடையில் வேலை பார்ப்பவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. 2021-இல் அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் திருத்தினார்கள், நல்லது. வீட்டுக்குள் நடக்கும் வேலைக்கு அந்த வரம்பு வரவில்லை. அந்த ஓட்டையில்தான் உங்கள் அக்ரிமெண்ட் நிற்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு 189-ஆவது உடன்படிக்கை, வீட்டுப் பணியாளருக்கு வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் நேரத்தையும், நாட்டுச் சட்டம் வரையறுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகவே பார்க்கிறது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, ஆனால் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஏற்கவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பீர்கள். சரி, கூடாது என்றும் சொல்லவில்லையே.

பிடித்த பணத்தை இந்த மாதச் சம்பளத்தோடு அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பும், அன்றைக்கு மாற்று ஆளும் உண்டு என்று அக்ரிமெண்டில் எழுதுங்கள். இரவு வேலைக்குத் தனி ஆள் அனுப்ப என்ன கட்டணம் என்றும், அதில் அவர் கைக்குப் போவது எவ்வளவு என்றும் எழுத்தில் தெரிவியுங்கள். கூடுதலாகக் கொடுக்க நான் தயார்.

அப்புறம், நான் புகார் செய்தேன் என்பதற்காக அக்காவை வேறு வீட்டுக்கு மாற்றினால், இதே கடிதம் தொழிலாளர் துறைக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகும்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்