புரவி எடுப்புக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

புதுக்கோட்டைப் பக்கத்து வழக்கப்படி எங்கள் ஊர் ஐயனாருக்கு மண்குதிரை செய்து காணிக்கையாகத் தூக்கிச் செல்லும் புரவி எடுப்பு நல்லபடியாக முடிந்தது. செய்தவர் பெயரைக் குதிரையில் எழுதும் வழக்கம் இல்லை. அதனால் அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் வணக்கம், குதிரை செய்யச் சொல்லி ஊர் கொடுக்கும் பிடிமண்ணை வாங்கிய, மண்பாண்டத் தொழில் செய்யும் வேளார் குடும்பத்தாருக்கு. கண்மாய்க் களிமண் காயும்போது 100-க்கு 5 முதல் 10 பங்கு வரை சுருங்கும். அதற்காகவே மணலும் உமியும் சேர்த்து மிதித்தார்கள். சூளையில் உமி எரிந்த இடம் பொடித் துளையாகிவிடும். நாலு கால்களையும் குழாயாக நிறுத்தி, அவை இறுகிய பிறகே வயிற்றை ஏற்றினார்கள். அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் உட்கார்ந்துவிடும். உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டி, சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வயிற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். கால் சேரும் இடத்தைச் சுற்றிப் பெருவிரல் தடங்கள் நெருக்கமாக ஓடும். வெளியே வழவழவென்று மெழுகியவர்கள் உள்ளே அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். பிதுங்கிய கண்ணையும் விடைத்த மூக்கையும் விட எங்களுக்கு அந்த ஒட்டுவாய்தான் பெரிய வேலை.

காற்றுப்பட்ட பக்கம் முந்திக் காய்ந்ததால் ஒரு பின்னங்கால் வெடித்தது. பூசி மறைக்காமல், சுடாத மண்தானே என்று உடைத்து ஊறவைத்துப் புதிதாகச் செய்தார்கள். அதற்குத் தனி நன்றி.

வைக்கோலும் விறகும் வறட்டியும் தந்த வீடுகளுக்கும், ராத்திரி சூளையடியில் உட்கார்ந்தவர்களுக்கும் நன்றி. முதலில் புகைமூட்டம் மட்டும் போட்டுப் பொறுமையாக இருந்தீர்கள். சுவருக்குள் மிஞ்சிய ஈரம் 100 டிகிரியில் ஆவியாகும். எடுத்ததும் தீயைக் கூட்டியிருந்தால் குதிரை சிதறியிருக்கும்.

தூக்கி வந்த இளவட்டங்களே, கால்களில் கை வைக்காமல் வயிற்றுக்கடியில் கம்பு கொடுத்து, வைக்கோல் பிரி சுற்றி ஏந்தினீர்கள். ஒட்டுவாய் ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

பழைய குதிரைகளுக்கு சிமெண்டும் எனாமல் பெயிண்டும் பூச வேண்டாம். ஈரம் உள்ளே அடைபட்டு மேல்மண் பெயர்ந்துவிடும். அவை மண்ணோடு சேரட்டும். படம் பகிர்கிறவர்கள், வேளார் வீட்டில் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

மீந்த உமி 2 மூட்டை கோயில் கொட்டகையில் இருக்கிறது. கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
புரவி எடுப்பு விழாக் குழுவினர்