பொறி வையுங்கள், ஐபி பட்டியலை அச்சடிக்காதீர்கள்

சேலம் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். இந்த ஊரில் சிறு நிறுவனங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன் நான். வேலை கேட்டு வரும் பிள்ளைகள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையையும் கொண்டுவருவார்கள். இப்போது அதில் ஹனிபாட், அதாவது ஊடுருவ வருபவர்களைக் கவனிக்க வேண்டுமென்றே திறந்துவைக்கும் பொறிக் கணினி, அதிகம் தென்படுகிறது. கவ்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய கணினியில் ஏற்றி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழிகளான எஸ்எஸ்எச், டெல்நெட் இரண்டையும் திறந்துவைத்தால் போதும், யார் யாரோ வந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பார்கள். நல்ல பாடம்தான். வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை.

என் சங்கடம் கடைசிப் பக்கங்களில். 'பிடிபட்ட ஹேக்கர்கள்' என்று தலைப்புப் போட்டு ஐபி முகவரிகள் (இணைய இணைப்பின் எண் முகவரிகள்) வரிசையாக, சிலவற்றில் ஊர்ப்பெயரோடு. அவர்கள் ஹேக்கர்கள் என்று யார் சொன்னது? 2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள் பரவியது பெரும்பாலும் கேமரா, டிவிஆர், ரவுட்டர் வழியாகத்தான். கம்பெனி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை வாங்கியவர்கள் மாற்றவில்லை, அவ்வளவுதான். உங்கள் மாணவரின் பட்டியலில் உள்ள முகவரி செவ்வாய்ப்பேட்டையில் ஏதோ ஒரு வெள்ளிப் பட்டறையில், உரிமையாளருக்கே தெரியாமல் இப்படித் தொற்றிய கேமராவாக இருக்கலாம். மொபைல் நெட் என்றால் ஒரே ஐபிக்குப் பின்னால் ஒரே நேரத்தில் பல பேர் இருப்பார்கள்.

பொறிக்கு வந்த ஓர் ஐபியைக் காட்டி ஒரு பையன் பெருமையாகச் சொன்னான்: "நாங்களும் அந்த மெஷினுக்குள்ள திரும்பப் போய்ப் பார்த்தோம் சார்." வழிகாட்டிக்குத் தெரியுமா என்று கேட்டேன், சிரித்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைந்தாலே நஷ்டஈடு கேட்க வழி செய்கிறது. தவறான நோக்கம் நிரூபணமானால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறை. 'அவன்தான் முதலில் வந்தான்' என்பதற்கு அந்தப் பிரிவுகளில் தனி விலக்கு எதுவும் கிடையாது.

கவ்ரி போன்ற பாவனை மென்பொருள் இல்லாமல், நிஜ லினக்ஸ் கணினியையே பொறியாக விடும் ப்ராஜெக்ட்டுகளில் இன்னொரு சிக்கல். உள்ளே வந்தவன் அங்கிருந்தபடியே வேறொருவரைத் தாக்கினால் புகார் உங்கள் கல்லூரி ஐபி மீதுதான் வரும். ஏற்காட்டில் காட்டெருமைக்குப் பயந்து வேலி போடுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதில் நேரடி மின்சாரம் பாய்ச்சி ஓர் ஆள் செத்தால், என் நிலம் என்ற பேச்சு எடுபடாது. வெளியே போகும் இணைப்புகளை அடைத்த பிறகுதான் பொறியைத் திறக்க வேண்டும்.

அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1986-இல் ஓர் ஊடுருவலைக் கண்ட கணினி நிர்வாகி கிளிஃபோர்ட் ஸ்டோல், பிறகு பொய்க் கோப்புகளை வைத்து அந்த ஆளை இணைப்பில் நெடுநேரம் இருக்கவைத்தார். அவர் செய்த தந்திரம் அத்தோடு சரி. ஜெர்மனியின் ஹனோவர் வரை தடம் பிடித்தது தொலைபேசித் துறை, நடவடிக்கை எடுத்தது ஜெர்மன் அதிகாரிகள்.

'தூண்டிவிட்டுப் பிடிப்பது தப்பில்லையா' என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி பெரும்பாலும் போலீஸ் வலை விரிக்கும்போது எழுவது. சும்மா திறந்து கிடக்கும் ஒரு போர்ட் (கணினியின் இணைப்பு வாசல்) யாரையும் கூப்பிடுவதில்லை. ஆனால் கல்லூரி சர்வரிலேயே 'செமஸ்டர் வினாத்தாள்' என்று பெயரிட்ட போலிக் கோப்பை வைத்து, திறந்த பிள்ளைகளைச் சஸ்பெண்ட் செய்யலாமே என்ற யோசனையையும் ஒருவர் என்னிடம் சொன்னார். பதினெட்டு வயதில் அதைத் திறக்காதவர் யார்? ஆசிரியரே ஆசை காட்டிவிட்டு ஆசிரியரே தண்டிப்பது எனக்கு ஒப்பவில்லை. சட்டம் விட்டாலும் நான் விட மாட்டேன்.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவு, சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. அதன் பட்டியலில் அனுமதியற்ற நுழைவும் உண்டு. பொறிக்குள் நுழைவது அதில் சேருமா என்று உங்கள் கல்லூரியின் வழக்கறிஞரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அடுத்த ப்ராஜெக்ட் ரிவியூவிலிருந்து ஐபியின் கடைசிப் பகுதியை மறைத்த அறிக்கைகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பொறியில் விழுந்த பாஸ்வேர்டுகளை ப்ராஜெக்ட் முடிந்ததும் அழிக்கச் சொல்லுங்கள். முதல்வரின் எழுத்துப்பூர்வ அனுமதியும், எந்தத் தேதியில் பொறி கழற்றப்படும் என்ற விவரமும் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஐந்து ரோட்டுப் பக்கம் நெட்வொர்க் வேலை பார்க்கும் ஒருவன்