ஸ்டார்ட்டரும் ஒரிஜினல் கிராவிட்டியும்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பீர் தயாரிப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, ஈஸ்ட் ஸ்டார்ட்டரை (முன்கூட்டியே சிறிதளவு இனிப்பு நீர்மத்தில் பெருக்கி வைத்த ஈஸ்ட்டை) ஊற்றினால் ஒரிஜினல் கிராவிட்டி (நொதிக்கும் முன் உள்ள அடர்த்தி) வெகுவாக இறங்கி பீர் நீர்த்துவிடும் என்று கூறியிருந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் இடம் தரும் சிங்கப்பூரில், புதிதாகத் தொடங்குபவர்கள் இதை நம்பி ஸ்டார்ட்டரையே கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தண்ணீரின் அடர்த்தியை 1.000 என வைத்தால் 1.050 அடர்த்தியுள்ள 20 லிட்டர் வோர்ட்டில் (முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாற்றில்), லிட்டருக்கு 100 கிராம் மால்ட் தூள் கரைத்துத் தயாரித்த 2 லிட்டர் ஸ்டார்ட்டரை அப்படியே ஊற்றுவதாகக் கொள்வோம். தொடக்கத்தில் 1.037 அளவில் இருந்த ஸ்டார்ட்டர், ஊற்றும் வேளையில் நொதித்து 1.010க்கு இறங்கியிருக்கும். கலந்தபின், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் அது 1.046 என்று காட்டும். நான்கு புள்ளிகள் (ஒரு புள்ளி என்பது 0.001) பறிபோனதாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் ஸ்டார்ட்டரில் இருந்த சர்க்கரையில் ஒரு பங்கு கரியமில வாயுவாக வெளியேறியிருந்தாலும், ஆல்கஹாலாக மாறிய பங்கு இப்போது அதே கலத்தில்தான் இருக்கிறது. ஆகவே கணக்கில் சேர்க்க வேண்டியது 1.010 அல்ல, 1.037. அப்படிச் சேர்த்தால் விடை 1.049ஐ ஒட்டி வரும். நொதித்தல் முடிந்து பீர் 1.012இல் நின்றுவிட்டால், தவறான கணக்கு ஆல்கஹாலை 4.5 சதவீதம் என்றும் சரியான கணக்கு 4.8 சதவீதம் என்றும் காட்டும்.

இந்தக் கணக்கு புதிதல்ல. பிரிட்டனில் 1880 முதல் 1993 வரை பீர் வரி ஒரிஜினல் கிராவிட்டியை வைத்தே விதிக்கப்பட்டது. நொதிக்கத் தொடங்கிவிட்ட பீரிலும், உள்ளிருக்கும் ஆல்கஹாலை அளந்து, இழந்த அடர்த்தியைத் திரும்பக் கூட்டியே அங்கு அதைக் கண்டறிந்தார்கள்.

எளிய வழியும் உண்டு. ஸ்டார்ட்டரை ஓரிரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், ஈஸ்ட் வெண்மையான குழம்பாக அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் நீர்மத்தை வடித்துவிட்டு, அந்தப் படிவை மட்டும் சேர்த்தால் கிராவிட்டி ஏறக்குறைய மாறாது. ஸ்டார்ட்டரின் பழைய வாடையும் பீரில் ஏறாது. எந்த முறையானாலும், ஈஸ்ட் ஊற்றுவதற்கு முன்பே வோர்ட்டை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில், நம் ஊர் வெப்பமும் அளவீட்டைக் கெடுக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் சரியாகக் காட்டும்படி அளவு குறிக்கப்பட்ட ஹைட்ரோமீட்டர், 30 டிகிரியில் இருக்கும் வோர்ட்டில் சுமார் இரண்டு புள்ளிகள் குறைத்துக் காட்டும். கட்டுரை இதைத் தொடவே இல்லை.

உலர் ஈஸ்ட் பயன்படுத்துவோருக்குப் பொதுவாக ஸ்டார்ட்டர் தேவைப்படாது. திரவ ஈஸ்ட்டின் நிலை வேறு. ஒரு பொட்டலத்தில் சுமார் 100 பில்லியன் செல்கள் இருக்கும். மேற்சொன்ன 20 லிட்டர் ஏல் வகை பீருக்கோ 180 பில்லியனுக்கு மேல் வேண்டும். கிராவிட்டி குறையும் என்று அஞ்சி ஸ்டார்ட்டரைத் தவிர்த்தால், நொதித்தல் தாமதமாகத் தொடங்கி, பாதியில் நின்றுவிடவும் கூடும். கட்டுரையின் அடுத்த பகுதியில் இத்திருத்தத்தைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்