கத்தியை எந்தக் கையில் பிடித்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் வந்த கிரைம் த்ரில்லர் விமர்சனத்தைப் படித்தேன். கொலையாளி இடது கைக்காரன் என்று நாயகன் கண்டுபிடிக்கும் இடம் 'அபாரம், அறிவியல்பூர்வம்' என்று உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். நானும் இடது கைக்காரன்தான். படத்தையும் பார்த்துவிட்டேன். அபாரமும் தெரியவில்லை, அறிவியலும் தெரியவில்லை.

உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைக்காரர். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் இந்த மாதிரிப் படங்களில், இடது கையால் எழுதும் ஆளை க்ளோசப்பில் காட்டினால் அவர் ஒன்று கொலைகாரர், இல்லை நம்மை ஏமாற்றக் கொண்டுவந்த போலிக் கொலைகாரர். இடது கையால் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கும் பாத்திரத்தை நான் பார்த்ததே இல்லை.

காயம் கழுத்தின் வலப்பக்கம் இருக்கிறது, ஆகவே இடது கைக்காரன் என்கிறார் நாயகன். எதிரே நின்று குத்தினால் சரி, அப்படி ஒரு கணக்கு போடலாம். பின்னால் நின்று குத்தியிருந்தால் அதே கணக்கு தலைகீழாகிவிடும். செத்தவர் கடைசி நொடியில் திரும்பியிருந்தால்? காயத்தை மட்டும் வைத்துக் கையைச் சொல்லத் தடயவியல் மருத்துவர்களே தயங்குவார்கள். நாயகன் தயங்குவதில்லை. துணியை விலக்கி மூன்று நொடி பார்க்கிறார், தீர்ப்பு தயார்.

அப்புறம் அந்தச் சாவி வித்தை. சந்தேகப்படும் ஆளிடம் திடீரென்று சாவியைத் தூக்கிப் போடுவது, அவன் எந்தக் கையில் பிடிக்கிறான் என்று பார்ப்பது. நான் எழுதுவது இடது கையால். பந்து எறிவதும் பிடிப்பதும் வலது கையால். கத்தரிக்கோலும் வலதுதான், ஏனென்றால் சிறு வயதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வலது கைக்காரர்களுக்காகச் செய்தவை. ஆக, நான் நிஜமாகவே கொலை செய்திருந்தாலும் உங்கள் நாயகனிடம் விடுதலை நிச்சயம்.

27 வருடம் கரும்பலகையில் இடது கையால் கணக்கு எழுதியவன் நான். ஒருமுறை ஆசிரியர் அறை அலமாரியின் பூட்டு உடைந்து கிடந்தது. "இது இடது கைக்காரன் வேலை" என்றார் சக ஆசிரியர் ஒருவர், முந்தின வாரம்தான் படம் பார்த்துவிட்டு வந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

சினிமாவுக்கு இது பழைய வியாதி. பில்லி த கிட் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக்காரன் 1881இல் செத்துப்போனான். அவனுடைய தகரப் புகைப்படம், அந்தக் காலத்து முறைப்படி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிய படம். அதைப் பார்த்து அவனை இடது கைக்காரனாக்கி, 1958இல் 'த லெஃப்ட் ஹேண்டட் கன்' என்று படமே எடுத்துவிட்டார்கள். அந்தப் புகைப்படத்தில் அவன் கையிலிருந்த துப்பாக்கியில் குண்டு போடும் வாசல் தப்பான பக்கத்தில் இருக்கிறதே என்று கவனித்திருந்தால் போதும். துப்பறியும் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தத் துப்பு போதாதா?

இந்த மாதிரிப் படங்களில் வரும் இரட்டையர் விஷயத்துக்கு வருகிறேன். முன்கூட்டியே தயார் செய்யாமல் கதையில் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்று ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இலேயே விதி எழுதி வைத்தார். இன்னும் இடைவேளைக்குப் பிறகுதான் தம்பி வருகிறார். மனைவியைப் பறிகொடுத்துக் குடிக்கும் போலீஸ்காரர், வழக்கை விட்டு விலகச் சொல்லும் மேலதிகாரி, மனநல மருத்துவமனையில் இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக வில்லனாகிறவர்... இதையெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பே உங்களுக்கு விரிவாக எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கும். அந்த இதழில் ஒரு நடிகரின் நாய்க்குட்டி அரைப் பக்கம் படுத்திருந்ததைப் பார்த்தேன், நல்ல குட்டி.

இன்னொன்று. 'முடிவைச் சொல்ல மாட்டோம், ஆனால் நண்பராக வருபவர் கடைசி இருபது நிமிடம் மிரட்டியிருக்கிறார்' என்று எழுதினால் அது முடிவைச் சொன்னதில் சேராதா, ஐயா?

படம் எடுக்கிறவர்களை நீங்கள் திருத்த முடியாது, அது எனக்கும் தெரியும். அடுத்த முறை இப்படி ஒரு காட்சி வந்தால் 'அறிவியல்பூர்வம்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடும்படி விமர்சகரிடம் சொல்லுங்கள். 'அபாரம்' இருந்துவிட்டுப் போகட்டும்.

கடிதத்தைக் கையால்தான் எழுதியிருக்கிறேன். அங்கங்கே மை இழுபட்டிருக்கும், இடது கை எழுதிய வரியின் மேலேயே போவதால் வருவது. தடயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்