எம்.கே.பி. நகர் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

வணக்கம். சரியான பாஸ்வேர்டு அடித்தும் திறக்காமல் கிடந்த எங்கள் மாலை வகுப்பு லேப்டாப் திறந்துவிட்டது. பிள்ளைகளின் உதவித்தொகைச் சான்றிதழ்கள் அப்படியே இருக்கின்றன. வருமானச் சான்றிதழுக்காக யாரும் மறுபடி அலைய வேண்டாம்.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பங்களைக் கையாலேயே நிரப்பிவிடலாம் என்று படிவத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். லினக்ஸ், லக்ஸ் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்கைப் பூட்டும் லினக்ஸ் வசதி) என்று நான் சொன்னது எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. "அது இன்னாவோ இருக்கட்டும் தம்பி. அந்த பாஸ்வேர்ட கண்ணுக்குத் தெரியுற எடத்துல ஒருவாட்டி அடிச்சுப் பாத்தியா?" என்றார்.

பூட் ஆகும்போது நாம் அடிக்கும் பாஸ்வேர்டு எழுத்தாகத் தெரியாது. பென் டிரைவில் இருந்த உபுண்டு என்ற லினக்ஸைக் கிளப்பி, எடிட்டரில் அடித்தேன். மேல்வரிசை 7 விழவே இல்லை! (பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது, அதனால் சொல்லலாம்.)

அடுத்து அவர் செய்ததுதான் நான் எதிர்பாராதது. ஆதார் பிரிண்டுக்கு நின்றவர்களிடம் "கொஞ்சம் இரும்மா, பசங்க படிப்பு மேட்டரு" என்று சொல்லிவிட்டுத் தன் கம்ப்யூட்டரிலிருந்து கீபோர்டைப் பிடுங்கி என் லேப்டாப்பில் சொருகினார். வியாபார நேரத்தில் அது கல்லாவையே கழற்றிக் கொடுப்பது மாதிரி. பாதி எழுத்து தேய்ந்துபோன கீபோர்டு. முதல் தடவையே திறந்தது. ஜெராக்ஸுக்கும் காசு வாங்கவில்லை.

அதுவரை பாஸ்வேர்டு அடித்தபோதெல்லாம் வந்த 'நோ கீ அவெய்லபிள் வித் திஸ் பாஸ்ஃப்ரேஸ்' (இந்தப் பாஸ்வேர்டுக்குச் சாவி இல்லை) என்ற வரி, தப்பாக அடித்தாலும் வரும், டிஸ்கின் ஹெடரில், அதாவது பூட்டின் விவரங்கள் இருக்கும் தொடக்கப் பகுதியில், சாவி இருக்கும் இடம் கெட்டாலும் வரும். டேட்டாவைத் திறக்கும் மாஸ்டர் கீ அங்கேதான் நம் பாஸ்வேர்டால் பூட்டிக் கிடக்கிறது. அது போனால் சரியான பாஸ்வேர்டு இருந்தும் பிரயோஜனமில்லை. அந்தப் பயம்தான் எங்களைத் தூங்கவிடவில்லை. 'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்ற பேச்சைப் போனிலேயே தடுத்த நண்பர், எதைத் தொடும் முன்பும் ஹெடரை நகலெடுக்கச் சொன்னவர், டிஸ்கைச் சோதித்துக் கொடுத்த ரிச்சி ஸ்ட்ரீட் தம்பி, கோபப்படாமல் காத்திருந்த பெற்றோர் எல்லோருக்கும் நன்றி.

லக்ஸின் இரண்டாம் பதிப்பான லக்ஸ் 2-ல் இப்படி 32 சாவிகள் (பாஸ்வேர்டுகள்) வரை வைக்கலாம். இரண்டாவதாக ஒரு பாஸ்வேர்டு போட்டு, காகிதத்தில் எழுதி டீச்சரம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். பழைய ஹெடர் நகல் பழைய பாஸ்வேர்டுக்கே திறக்கும் என்பதால் அதை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்தோம். வழக்கமாக 16 எம்.பி.தான், எந்தப் பென் டிரைவிலும் அடங்கும். இனி பாஸ்வேர்டு மாறும்போதெல்லாம் எடுத்துவிடுவேன்.

அண்ணனுக்குப் புது கீபோர்டு வாங்கிப் போனேன். "பழசே நல்லா அடிக்குது. உன்னுதுலதான் 7 இல்ல, நீயே வச்சுக்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.